பார்சா நகரின் தூண்கள்

ஈரான் நாட்டின் தென்பகுதியில், ஷிராஸ் நகரிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மர்வ்தஷ்த் என்னும் அகன்ற சமவெளி உள்ளது. அதன் கிழக்கு ஓரத்தில் குஹ்-எ-ரஹ்மத், அதாவது கருணை மலை எனப் பெயர் பெற்ற குன்று எழுந்து நிற்கிறது. அக்குன்றின் அடிவாரத்தில், மனிதர் கையால் அமைந்த கல்மேடை ஒன்றின்மீது, கூரையும் சுவரும் இழந்த நெடுந்தூண்கள் சில வானை நோக்கி நிற்கின்றன. இவ்விடத்தைக் கட்டியவர்கள் பார்சா என்று அழைத்தனர். கிரேக்கர் இதற்குப் பெர்சிபோலிஸ் என்று பெயரிட்டனர். உண்மைப் பெயர் மறந்துபோன காலத்தில் வாழ்ந்த ஈரானிய மக்கள், பழங்கதையில் வரும் ஜம்ஷீத் மன்னனின் அரியணை இது எனக் கருதித் தக்த்-எ-ஜம்ஷீத் என்றனர். இன்றும் அந்நாட்டு மக்கள் வழங்கும் பெயர் இதுவே.

எகிப்தின் பிரமிடுகளுக்குள்ள பழமை இதற்கு இல்லை. முழுமையாக நிற்கும் கட்டடமும் அன்று இது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே அரசர்கள் பயன்படுத்திய ஓர் இடம்; பின்னர் தீக்கு இரையாகி இருபத்து மூன்று நூற்றாண்டுகளாகப் பாழ்பட்டுக் கிடக்கும் இடம். அவ்வாறிருந்தும், காண்போர் உள்ளத்தை இது ஏன் இத்துணை ஆழமாகக் கவர்கிறது? பிற்காலக் கட்டடக் கலைஞர்கள் பலர் மீண்டும் மீண்டும் இதனை நோக்கித் திரும்பியது ஏன்? இவ்வுரையில் இவ்வினாவையே நாம் ஆராய விரும்புகிறோம். பிறந்த ஊரைவிட்டு வேற்று மாநிலங்களில் உழைத்து வாழும் தமிழ் நேயர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் இருக்கலாம். ஏனெனில், இம்மண்டபங்களை எழுப்பியவர்களுள் பெரும்பகுதியினர் தத்தம் ஊரையும் மொழியையும் விட்டு நெடுந்தொலைவு வந்தவர்களே ஆவர்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சைரஸ் என்னும் பாரசீக மன்னன் சிற்றரசனாகத் தொடங்கிப் பேரரசு ஒன்றை நிறுவினான். கி.மு. 539-இல் பாபிலோன் அவன் வசமாயிற்று. கி.மு. 522-இல் அரியணை ஏறிய முதலாம் தாரியஸ், தன் ஆட்சியின் தொடக்கத்தில் எழுந்த பல கலகங்களை அடக்கியபின், ஏறத்தாழ கி.மு. 518-இல் பார்சாவில் திருப்பணியைத் தொடங்கினான். அவன் காலத்தில் பேரரசின் மேற்கு எல்லை ஏஜியன் கடலைத் தொட்டது. கிழக்கு எல்லை சிந்து நதிக்கரையை எட்டியது. தொடங்கிய பணியை அவன் மகன் செர்க்ஸஸும், பேரன் முதலாம் அர்தசெர்க்ஸஸும் தொடர்ந்தனர். ஒரு மன்னன் ஆணையில் ஒரே மூச்சில் எழுந்ததன்று இது. தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது.

கட்டடங்களைத் தாங்கும் மேடையே ஓர் அரிய படைப்பாகும். ஏறத்தாழ 450 மீட்டர் நீளமும் 300 மீட்டர் அகலமும் கொண்ட இம்மேடையின் ஒரு பகுதி குன்றின் பாறையைச் செதுக்கிச் சமன் செய்யப்பட்டது. மற்றப் பகுதி பள்ளங்களைக் கல்லாலும் மண்ணாலும் நிரப்பி உயர்த்தப்பட்டது. சில இடங்களில் இதன் உயரம் 12 மீட்டருக்கும் மேல். விளிம்பில் உள்ள பெருங்கற்கள் சுண்ணச் சாந்து எதுவும் இன்றி ஒன்றோடொன்று பொருந்துமாறு இழைக்கப்பட்டவை. தேவையான இடங்களில் இரும்புக் கவ்விகளை வைத்து ஈயத்தை உருக்கி ஊற்றி இறுக்கியுள்ளனர். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் கட்டடங்களை அரிக்காதிருக்க மேடைக்கு அடியில் வடிகால்களை அமைத்துள்ளனர். கண்ணுக்குத் தெரியாத இவ்வடிகால்கள் மேலே மண்டபம் எழுவதற்கு முன்பே திட்டமிடப்பட்டவை என்பது இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

மேடைமீது ஏறுவதற்கு மேற்குப் பக்கத்தில் இரு பிரிவாக விலகிச் சென்று மீண்டும் மேலே கூடும் பெரும் படிக்கட்டு உள்ளது. ஒவ்வொரு பக்கத்திலும் 111 படிகள். ஒவ்வொரு படியின் உயரமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே. குதிரைகள் ஏறுவதற்காகவே இவ்வளவு தாழ்வாக அமைத்தனர் என்று கூறுவாரும் உளர்; நீண்ட அங்கி அணிந்த பெருமக்கள் மூச்சு வாங்காமல், நடையின் கம்பீரம் குலையாமல் ஏறுவதற்காக என்று கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், ஏறுவோரை அச்சுறுத்தாத படிக்கட்டு இது. கோட்டைக்குரிய குறுகலான செங்குத்துப் படிகள் இங்கு இல்லை.

படியேறியதும் செர்க்ஸஸ் எழுப்பிய வாயில் நம்மை எதிர்கொள்கிறது. அதில் உள்ள கல்வெட்டிலேயே அம்மன்னன் அதற்கு எல்லா நாடுகளின் வாயில் என்று பெயர் சூட்டியுள்ளான். மேற்கு வாயிலின் இரு மருங்கிலும் பேருருவான காளைகள் நிற்கின்றன. கிழக்கு வாயிலில் மனிதத் தலையும் சிறகும் கொண்ட காளைகள் நிற்கின்றன. இவ்வுருவங்கள் அசீரிய நாட்டு அரண்மனைகளிலிருந்து பெறப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அசீரியச் சிற்பி, முன்னிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உருவம் முழுமையாகத் தோன்ற வேண்டும் என்று பல சிற்பங்களில் ஐந்து கால்களைச் செதுக்கினான். பார்சாவின் சிற்பி நான்கு கால்களோடு நிறுத்திக்கொண்டான். பிறரிடமிருந்து பெற்றதையும் தன் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும்படி திருத்திக்கொள்ளும் இப்பண்பை இங்குப் பல இடங்களில் காணலாம்.

மேடைமீதுள்ள கட்டடங்களுள் தலைசிறந்தது அபதானா எனப்படும் கொலு மண்டபம். சதுர வடிவான இதன் உட்கூடம் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுடையது. அதற்குள் வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகளில் 36 தூண்கள் நின்றன. மூன்று பக்கங்களில் இருந்த முகப்புத் தாழ்வாரங்களில் பன்னிரண்டு பன்னிரண்டாக மேலும் 36 தூண்கள் நின்றன. ஆக 72 தூண்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மீட்டர் உயரம். இன்று நிற்பவை இவற்றுள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அடியில் தாமரை இதழ்கள் கவிழ்ந்தாற்போன்ற மணி வடிவப் பீடம். அதன்மேல் நெடுக வரிகள் ஓடும் மெல்லிய தண்டு. உச்சியில் முதுகோடு முதுகு ஒட்டிய இரு காளைகளின் முன்னுடல்கள். அவ்விரு காளைகளின் பிடரிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் கூரையின் உத்தரம் அமர்ந்தது. அதாவது, அழகுக்காக வைத்தாற்போல் தோன்றும் காளைகளே போதிகையாகவும் நின்று பாரத்தைத் தாங்கின.

தூண் மண்டபம் நமக்குப் புதிதன்று. மதுரையிலும் திருவரங்கத்திலும் உள்ள ஆயிரங்கால் மண்டபங்களைக் கண்ட கண்கள் நம்முடையவை. ஆனால், அம்மண்டபங்களில் தூண்கள் நெருங்கி நிற்பதற்கும் அபதானாவில் விலகி நிற்பதற்கும் காரணம் கட்டடப் பொருளிலேயே உள்ளது. கல் உத்தரம் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாது முறியும் இயல்பினது; ஆதலால் குறுகிய இடைவெளிக்கு ஒரு தூண் வேண்டும். அபதானாவின் உத்தரங்களோ மரத்தால் ஆனவை. நீண்டு வளர்ந்த தேவதாரு மரங்கள் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே ஏறத்தாழ 9 மீட்டர் தொலைவைக் கடந்து சென்றன. பாரம் குறைந்தமையால் தூணும் மெலிந்தது. மெலிந்தமையால் மேலும் உயர முடிந்தது. உள்ளே நிற்பவன் எத்திசையில் நோக்கினாலும் பார்வை தடையின்றிச் செல்லும். பேரரசனின் முன்னிலையில் பல்லாயிரவர் கூடும் இடத்திற்கு இத்தகைய திறந்த வெளியே ஏற்றதாக இருந்தது. இம்மண்டபம் காண்போரைக் கவர்வதற்கு முதற்காரணம் இந்த அளவமைதிதான்: பேருருவம் உண்டு, ஆனால் அழுத்தம் இல்லை.

இரண்டாவது காரணம் அபதானாவின் படிக்கட்டுச் சுவர்களில் உள்ளது. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள இச்சுவர்களில் பேரரசுக்கு உட்பட்ட இருபத்து மூன்று நாட்டுத் தூதுக் குழுக்கள் காணிக்கை கொண்டு வரும் காட்சி புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் உடை, தலைப்பாகை, தாடி, காலணி ஆகியவற்றால் பிரித்தறியப்படுகின்றனர். ஒருவர் குதிரையைக் கொணர்கிறார்; ஒருவர் இருதிமில் ஒட்டகத்தை நடத்தி வருகிறார்; வேறொருவர் கிண்ணங்களையும் துணிகளையும் ஏந்தி வருகிறார். ஒவ்வொரு குழுவின் தலைவனையும் பாரசீக அல்லது மீடிய அதிகாரி ஒருவன் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறான். ஒரு குழுவுக்கும் அடுத்த குழுவுக்கும் இடையே மரம் ஒன்று எல்லையாக நிற்கிறது.

இவர்களுள் நம் நாட்டினரும் இருக்கின்றனர். அன்று ஹிந்துஷ் என்று வழங்கிய சிந்து நதிப் பகுதியினர் அவர்கள். மேலாடையின்றி, இடையில் வேட்டி போன்ற ஆடை அணிந்து வருகின்றனர். ஒருவன் தோளில் காவடி போன்ற தண்டு. அதன் இரு முனைகளிலும் தொங்கும் கூடைகளில் சிறு பைகள் உள்ளன. பைகளில் இருப்பது பொற்பொடி என்று அறிஞர் கருதுகின்றனர். இந்தியர் ஆண்டுதோறும் 360 தாலந்து பொற்பொடியைத் திறையாக அளித்தனர் எனக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பது இக்கருத்துக்குத் துணை செய்கிறது. சுமையைத் தோளில் ஏற்றி, சற்றே முன்சாய்ந்து நடக்கும் அந்த மனிதனின் நடை இன்றும் நம் ஊர்ச் சாலைகளில் காணக்கூடியதே.

அசீரிய மன்னர்களின் அரண்மனைச் சுவர்களில் முற்றுகையும் சிறைப்பட்டோர் வரிசையும் வெட்டுண்ட தலைகளும் நிறைந்திருந்தன. பார்சாவின் சுவர்களில் போர்க்களக் காட்சி ஒன்றேனும் இல்லை. இதைக் கொண்டு அப்பேரரசு அன்பினாலேயே ஆளப்பட்டது என்று நாம் முடிவு செய்தல் ஆகாது. பிசுதூன் மலைப்பாறையில் இதே தாரியஸ், கழுத்தில் கயிறு பூட்டிய கலகத் தலைவர்களைத் தன்முன் நிறுத்திச் சிற்பம் செதுக்கியிருக்கிறான். எனவே, பார்சாவின் சிற்பங்கள் பேரரசு எவ்வாறு இருந்தது என்பதைவிட, தான் எவ்வாறு விளங்க விரும்பியது என்பதையே காட்டுகின்றன எனலாம். ஆயினும், ஓர் அரசு தன் பெருமையைச் சொல்ல வெட்டுண்ட தலையைத் தேர்ந்தெடுக்காமல் பற்றிய கையைத் தேர்ந்தெடுத்தது என்பதும் வரலாற்றுச் செய்தியே.

இனி, இவற்றையெல்லாம் செய்து முடித்தவர் யார் என்னும் கேள்விக்கு வருவோம். தாரியஸ் சூசா நகரில் எழுப்பிய மற்றோர் அரண்மனையைப் பற்றிய கல்வெட்டு இதற்கு ஒருவாறு விடை தருகிறது. அதில் மன்னன் பொருள்கள் வந்த நாடுகளையும் பணி செய்த மக்களையும் வரிசைப்படுத்தியுள்ளான். தேவதாரு மரம் லெபனான் மலையிலிருந்தும், வேறொரு மரம் காந்தாரத்திலிருந்தும் வந்தன. பொன் சார்டிஸ், பாக்ட்ரியா ஆகிய இடங்களிலிருந்தும், வெள்ளியும் கருங்காலியும் எகிப்திலிருந்தும் வந்தன. யானைத் தந்தம் வந்த நாடுகளுள் ஹிந்துஷும் ஒன்று. கல்லை இழைத்தவர் அயோனியக் கிரேக்கரும் சார்டிஸ் நகரத்தாரும்; பொன் வேலை செய்தவர் மீடியரும் எகிப்தியரும்; செங்கல் சுட்டவர் பாபிலோனியர். தான் ஆளும் நாடுகளின் பரப்பைக் காட்டவே மன்னன் இதைச் சொன்னான். ஆனால் நமக்கோ அது தொழிலாளரின் பட்டியலாகவும் பயன்படுகிறது.

பார்சாவின் கற்களும் இதே செய்தியைத் தெரிவிக்கின்றன. வாயில் நிலைகளின்மேல் வளைந்து நீளும் விளிம்பு எகிப்தியக் கோயில்களுக்கு உரியது. சிறகுடைய காளை அசீரியாவுக்கு உரியது. தூணின் நெடுவரிகளிலும் ஆடை மடிப்புகளைச் செதுக்கிய முறையிலும் அயோனியக் கற்றச்சரின் கைப்பழக்கம் தெரிகிறது. பல தூண்கள் தாங்கும் கூடமோ ஈரானிய மண்ணிலேயே, மீடியர் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. பல நாட்டுச் சரக்குகளை ஒரே கடையில் அடுக்கினாற்போல் இது அமைந்திருக்குமாயின் நம் கண்ணை உறுத்தும். அவ்வாறு உறுத்தாமல் எல்லாம் ஒரே அளவில், ஒரே ஒழுங்கில் இணைந்திருப்பதே பார்சாவின் தனிச்சிறப்பு.

இம்மக்களின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெளிவான செய்தி கிடைத்தது 1933-ஆம் ஆண்டில். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்பில் எர்ன்ஸ்ட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் அங்கே அகழ்வாய்வு நடத்திக்கொண்டிருந்தார். மேடையின் வடகிழக்கு மூலையில் உள்ள அரணில் பல்லாயிரக்கணக்கான களிமண் வில்லைகளும் அவற்றின் துண்டுகளும் வெளிப்பட்டன. உள்ளங்கையில் அடங்கும் அவ்வில்லைகளுள் பெரும்பாலானவை ஈலம் மொழியில் எழுதப்பட்டவை. மன்னனின் வெற்றிகளோ தெய்வத் துதிகளோ அவற்றில் காணப்படும் என்று எதிர்பார்ப்போருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அவை கணக்குகள்: இன்ன மாதத்தில், இன்ன ஊரில், இன்னாருக்கு இத்துணை அளவு வாற்கோதுமை, மாவு, திராட்சை மது என்னும் பண்டகசாலைக் கணக்குகள். இவை கி.மு. 509-க்கும் 493-க்கும் இடைப்பட்ட காலத்தவை. ரிச்சர்டு ஹாலக் என்னும் அறிஞர் பல்லாண்டு உழைத்து, இவற்றுள் 2,087 வில்லைகளின் வாசகத்தை 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இக்கணக்குகளில் அயோனியர், எகிப்தியர், பாபிலோனியர், பாக்ட்ரியர், லிசியர், கப்பதோக்கியர் எனப் பல நாட்டுத் தொழிலாளர் குழுக்கள் வருகின்றன. ஆண்களோடு பெண்களும் பெருந்தொகையினராக உள்ளனர். அவர்களுள் சிலர் மேற்பார்வையாளராக இருந்து மற்றவரைவிட உயர்ந்த படியளப்புப் பெற்றிருக்கின்றனர். பிள்ளை பெற்ற தாய்மாருக்குத் தனியே சிறப்பு உணவுப் பொருள் அளக்கப்பட்டது. ஆண் குழந்தை பெற்றவளுக்கு அளந்ததில் பாதியே பெண் குழந்தை பெற்றவளுக்கு அளக்கப்பட்டது என்பதையும் அவ்வில்லைகள் மறைக்கவில்லை. அரசனின் அல்லது ஆளுநரின் முத்திரை ஓலையோடு வழிப்பயணம் செய்வோர் ஒவ்வொரு தங்கலிலும் உணவு பெற்றனர். அவ்வாறு பயணம் செய்தவர்களுள் இந்தியரும் உண்டு.

இத்தொழிலாளர் தாமாக விரும்பி வந்தவரா, ஆணையால் கொண்டுவரப்பட்டவரா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கைவினைத் திறத்தால் மதிப்புப் பெற்று வந்தவரும், போரில் தோற்ற நாட்டிலிருந்து பெயர்க்கப்பட்டவரும் ஒருங்கே இருந்திருத்தல் கூடும். கூலி பெற்றனர் என்பதனாலேயே அவர்கள் துன்பமின்றி வாழ்ந்தனர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று உறுதி. தாய்மொழி பேசுவோர் சிலரே உள்ள வேற்றூரில், புரியாத மொழியில் மேற்பார்வையாளர் கணக்கெழுத, மாதம் பிறந்தால் அளக்கப்படும் தானியத்தை எண்ணி வாழ்ந்த மக்கள் இத்தூண்களை எழுப்பினர். தலைநகரங்களிலும் தொழில் நகரங்களிலும் வந்து குடியேறி, பிறர் வாழும் வீடுகளையும் பாலங்களையும் கட்டி எழுப்பும் எவருக்கும் இது அந்நியமான வாழ்வாகத் தோன்றாது.

பார்சாவின் புகழ்வாழ்வு கி.மு. 330-இல் முடிவுற்றது. மாசிடோனியாவின் அலெக்சாந்தர் நகரைக் கைப்பற்றி, அங்கே குவிந்திருந்த செல்வத்தை வாரிச் சென்றான். அதைச் சுமக்கப் பல்லாயிரம் கோவேறு கழுதைகளும் ஐயாயிரம் ஒட்டகங்களும் தேவைப்பட்டன எனப் புளூட்டார்க் எழுதுகிறார். அதன்பின் அரண்மனைக்குத் தீ வைக்கப்பட்டது. கி.மு. 480-இல் செர்க்ஸஸ் ஏதென்ஸ் நகரை எரித்ததற்குப் பழிவாங்கல் இது என்பர் சிலர். மது மயக்கத்தில், தாயிஸ் என்னும் ஏதென்ஸ் நங்கையின் தூண்டுதலால் நடந்தது என்பர் வேறு சிலர். அலெக்சாந்தர் விரைவிலேயே மனம் மாறித் தீயை அணைக்க ஆணையிட்டான் என்றும் ஒரு செய்தி உண்டு. உத்தரங்கள் மரமாக இருந்தமையால் கூரை எரிந்து வீழ்ந்தது. தூண்களை மெலியச் செய்து மண்டபத்தை விரித்த அதே மரம் அழிவுக்கும் வழியாயிற்று. வெயிலில் உலர்த்திய செங்கல்லால் ஆன சுவர்கள் காலப்போக்கில் மழையில் கரைந்தன. எஞ்சியவை கல்லால் ஆன தூண்களும், கதவு நிலைகளும், சாளரச் சட்டங்களும், படிகளுமே.

ஆகவே, நாம் இன்று காண்பது அம்மண்டபத்தின் எலும்புக்கூடு மட்டுமே. அன்று கல்லின்மீது நீலமும் சிவப்பும் பிற வண்ணங்களும் தீட்டப்பட்டிருந்தன என்பதை அங்கங்கே ஒட்டியிருக்கும் வண்ணத் துகள்கள் காட்டுகின்றன. வண்ணமும் கூரையும் திரைகளும் போனபின், அமைப்பின் ஒழுங்கு மட்டும் தனித்து நின்று கண்ணில் படுகிறது. தாரியஸின் சிறிய அரண்மனையில் சுவர் இல்லாத நிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கற்கள் முகம் தெரியும் அளவு மெருகேற்றப்பட்டவை.

பாழடைந்தபின்னும் மக்கள் வருகை நிற்கவில்லை. பாரசீகத்தை ஆண்ட பூயித் மரபைச் சேர்ந்த அதுத் அத்தௌலா கி.பி. 955-இல் இங்கு வந்து தன் வருகையைக் கல்லில் பொறித்தான். 1765-ஆம் ஆண்டில் கார்ஸ்டன் நீபூர் என்னும் நில அளவையாளர் வந்தார். டென்மார்க் அரசர் அனுப்பிய ஆய்வுக் குழுவில் அவருடைய தோழர்கள் அனைவரும் வழியில் நோயுற்று மாண்டனர். இறுதியாக இறந்தவர் உயிர்விட்டது நம் பம்பாயில். அந்நகரில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்த நீபூர், தனியராகக் கப்பலேறிப் பாரசீகம் சென்று, பார்சாவின் ஆப்பெழுத்துக் கல்வெட்டுகளைப் பொறுமையோடு படியெடுத்தார். அப்படிகளைக் கொண்டே 1802-இல் கெயோர்க் குரோட்டெஃபெண்டு என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் தாரியஸ், செர்க்ஸஸ் என்னும் பெயர்களைக் கண்டறிந்தார். அதுவரை ஜம்ஷீத் மன்னனுக்கு உரியதாக இருந்த இடம், தன் உண்மையான உரிமையாளரின் பெயரைத் திரும்பப் பெற்றது.

பார்சாவின் கவர்ச்சி ஈரானின் எல்லையோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டில் மௌரியர் காலத்துக் கல்வேலையில் அதன் எதிரொலி கேட்கிறது என்பது பல அறிஞரின் கருத்து. பாட்னாவை அடுத்த கும்ரஹாரில், ரத்தன் டாடா அளித்த பொருளுதவியோடு, டி. பி. ஸ்பூனர் 1912-ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தபோது, வரிசை வரிசையாகத் தூண்கள் நின்ற பெருமண்டபம் ஒன்று வெளிப்பட்டது. அது பார்சாவின் மண்டபத்தை நினைவூட்டுவதாக அவர் கண்டார். அசோகர் தூண்களின் உச்சியில் உள்ள மணி வடிவத் தாமரையும், கல்லின் மெருகும், விலங்குருவங்களும் இவ்வுறவைக் காட்டுவன என்பர். வடமேற்கே உள்ள அசோகர் கல்வெட்டுகளில் எழுத்தைக் குறிக்கும் லிபி என்னும் சொல், பாரசீக வழக்கை ஒட்டித் திபி என்றே வருகிறது. இவ்வுறவைப் பெரிதுபடுத்தலாகாது, இரு நாட்டாரும் பழைய மேற்காசிய மரபிலிருந்து தனித்தனியே பெற்றனர் என ஆனந்த குமாரசுவாமி போன்றோர் வாதிட்டதும் உண்டு.

உறவை ஏற்றுக்கொண்டாலும், வேற்றுமையே நம் கருத்துக்கு உரியது. பார்சாவின் தூண் பல துண்டுகளை அடுக்கி ஆனது; அசோகரின் தூண் ஒரே கல். பார்சாவின் தூண் அரசன் அமரும் மண்டபத்தின் கூரையைத் தாங்கியது. அசோகரின் தூண் எதையும் தாங்காமல் வெட்டவெளியில் நின்று, வழிச்செல்வோரிடம் அறத்தைப் பேசியது. பீடத்தில் கவிழ்ந்திருந்த தாமரை இங்கே உச்சிக்கு ஏறிற்று. தில்லியில் வாழும் நேயர்கள் பிரோஸ்ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூணைக் கண்டிருப்பர். பதினான்காம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா என்னும் ஊரிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்திய தூண் அது. அதன் மெருகைக் காணும்போது, கடன் வாங்கியதைத் தமதாக்கிக்கொண்ட கற்றச்சரின் திறத்தையும் நாம் எண்ணிப் பார்க்கலாம்.

மும்பையில் வாழும் நேயர்களுக்கு இன்னும் அண்மையில் ஒரு சான்று உண்டு. பார்சி மக்களின் தீக்கோயில்கள் சிலவற்றின் முகப்பில் மனிதத் தலையும் சிறகும் உடைய காளைகளும், காளைப் போதிகை தாங்கிய தூண்களும் இருக்கின்றன. முன்னோர் நாட்டை விட்டு வந்து ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும், அந்நாட்டின் நினைவைக் கல்லில் வைத்துப் போற்றும் மக்களின் படைப்பு அவை. ஈரானிலேயே 1930-களில் தெஹ்ரான் நகரில் எழுந்த தேசிய வங்கியும் காவல்துறைத் தலைமையகமும் பார்சாவின் தூண்களையும் படிகளையும் முகப்பில் கொண்டன. 1971-இல் ஈரான் மன்னர், முடியாட்சியின் 2,500 ஆண்டு நிறைவை இவ்விடத்திலேயே பெருஞ்செலவில் கொண்டாடினார். 1979-இல் அம்முடியாட்சி வீழ்ந்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

களிமண் வில்லைகளுக்கும் ஒரு சோதனை வந்தது. ஆய்வுக்காக 1930-களில் சிகாகோவுக்குக் கடனாக அனுப்பப்பட்ட அவை பல்லாண்டு அங்கேயே இருந்தன. ஈரான் அரசுக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்ற சிலர், அத்தொகைக்கு ஈடாக இவ்வில்லைகளைக் கைப்பற்ற உரிமை கோரினர். அக்கோரிக்கை வென்றிருந்தால் அவை ஏலத்தில் சிதறிப் போயிருக்கும். ஒன்றோடொன்று சேர்த்துப் படித்தாலன்றிப் பொருள் தராத கணக்குகள் அவை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் அக்கோரிக்கையை மறுத்தது. அதன்பின் 2019 முதல் வில்லைகள் பகுதி பகுதியாக ஈரானுக்குத் திரும்பத் தொடங்கின.

தாரியஸ் தன் மண்டபத்தின் அடியில் பொன் தகட்டிலும் வெள்ளித் தகட்டிலும் தன் பெயரையும் நாட்டின் எல்லைகளையும் மூன்று மொழிகளில் பொறித்துக் கற்பேழைகளில் வைத்துப் புதைத்தான். அழியாமை வேண்டும் என்று மன்னன் செய்த ஏற்பாடு அது. 1933-இல் அத்தகடுகள் கிடைத்தன. அதே ஆண்டில், அழியாமையைக் கருதாமல் யாரோ ஓர் எழுத்தன் ஈரக் களிமண்ணில் குறித்து வைத்த கூலிக் கணக்கும் கிடைத்தது. பொன் தகடு பேரரசின் நான்கு எல்லைகளைச் சொல்கிறது. களிமண் வில்லையோ அவ்வெல்லைகளுக்குள்ளிருந்து வந்த மனிதர்களைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் பார்சாவின் தூண்கள் நமக்கு முழுமையாக விளங்குகின்றன.

பெருங்கட்டடம் ஒன்றைக் காணும்போது இதைக் கட்டிய மன்னன் யார் என்று கேட்பது உலக வழக்கம். பார்சாவின் வரலாறு நம்மை மேலும் ஒரு கேள்வி கேட்கத் தூண்டுகிறது: இக்கல்லை இழைத்தவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அவருக்கு என்ன அளந்தார்கள்? இக்கேள்விக்கு விடை சொல்லும் பழங்கால மண்டபங்கள் உலகில் மிகச் சிலவே. பார்சா அவற்றுள் ஒன்று.